விற்கப்படும் மணிகள்

பல்லூடகக் கலை பற்றி எழுதும் விமரிசகர் சிலருக்குக் 'காலம்' என்றொரு சொல் கிடைத்துவிட்டால் போதும். உடனே அநாதி என்பர், அநித்தியம் என்பர், ஆத்மாவின் ஏகாந்தம் என்பர். அது எவருடைய காலம், அதனை விலைகொடுத்து வாங்குவோர் எவர் என்னும் கேள்விகள் மட்டும் அவர்தம் பேனாவிற்கு எட்டுவதில்லை. இப்போக்கினை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

கிறிஸ்டியன் மார்க்லேயின் 'மணிக்கூடு' 2010இல் இலண்டனில் முதன்முதல் காட்டப்பட்டது. 2011இல் வெனிஸ் கலைவிழாவிலே தங்கச் சிங்க விருதைப் பெற்றது. ஆயிரக்கணக்கான திரைப்படத் துணுக்குகளைக் கோத்தமைத்த 24 மணி நேரப் படைப்பு அது. திரையில் தோன்றும் நேரமும் பார்ப்போர் ஊரின் நேரமும் ஒன்றாகவே ஓடும். சினிமா நேரத்தை மறக்கச் செய்வது. இதுவோ மறக்க விடாது. இச்சாதனையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயின், மணிக்கூடு தெரியும் காட்சிகளைத் தேடிப் படம் படமாகப் பார்த்தவர்கள் சம்பளம் பெற்ற உதவியாளர்கள். அவர்தம் உழைப்பு நாட்களும் இப்படைப்பின் காலத்தில் அடங்கியவையே. இரவுப் பகுதியைக் காட்டுவதாயின் கலைக்கூடம் விடியும்வரை திறந்திருத்தல் வேண்டும். அப்போது வாயிலில் நிற்கும் காவலாளிக்கு நள்ளிரவு தத்துவமன்று, கடமை நேரம்.

இவ்வுண்மையை மூடிமறைக்க இடந்தராத படைப்பொன்று முன்னரே தோன்றிவிட்டது. தைவானிற் பிறந்த தெச்சிங் சியே, மாலுமியாக வந்து 1974இல் கப்பலை விட்டிறங்கி, அனுமதிப் பத்திரமின்றி அமெரிக்காவில் வாழ்ந்தவர். 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டு முழுவதும், இரவும் பகலும், மணிக்கொருமுறை, நியூயோர்க்கிலிருந்த தம் கலைக்கூடத்தில் தொழிற்சாலை மணிக்கூட்டிலே தம் வரவு அட்டையைப் பதித்தார். உடுத்தியது தொழிலாளியின் சீருடை. ஒவ்வொரு பதிவின்போதும் ஒரு படச்சட்டம் எடுக்கப்பட்டது. ஓராண்டு ஏறத்தாழ ஆறு நிமிடப் படமாயிற்று. தொடக்கத்தில் மழித்திருந்த தலையிலே முடி தோள்வரை வளர்வதை அதிற் காணலாம்.

பதிந்திருக்க வேண்டியவை 8,760. தவறியவை 133. அவற்றின் காரணங்களும் கங்காணியின் கொப்பியிற் போலக் குறிக்கப்பட்டுள்ளன: உறக்கம் 94, தாமதம் 29, முந்திப் பதிந்தது 10. சரக்கில்லை, கூலியில்லை, ஆலையின் கட்டுப்பாடு மாத்திரம் முழுமையாக எஞ்சி நிற்கின்றது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ் வேலைநாளுக்கென நீண்டதோர் அத்தியாயத்தை ஒதுக்கியது, உழைப்போனின் வாழ்வு மணிக்கணக்கில் விற்கப்படுவதை நிறுவுதற்கன்றோ!

சியே தம்மை அரசியற் கலைஞராகக் கருதுவதில்லை. தூயகலைவாதிகள் இதனைப் பற்றிக்கொண்டு துள்ளுவர். பல்சாக்கும் முடியாட்சியின் பக்கம் நின்றவர்தான். எனினும், தாம் நேசித்த பிரபுக்களின் வீழ்ச்சியையே அவர் எழுதினார் என்பதை எங்கெல்ஸ் 1888இல் ஒரு கடிதத்திற் சுட்டிக்காட்டினார். கலைஞனின் கூற்றைக் கேட்போம். தீர்ப்பைப் படைப்பிலிருந்தே பெறுவோம். அநாதி, அநித்தியம் என்போர், உறக்கத்தால் விடுபட்ட அந்த 94 பதிவுகளுக்கு என்ன விளக்கம் வைத்திருக்கின்றனர்?