மெதுவான ஊரும் அவசரமான தொண்டும்

பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளை தொண்டூழியத்துக்காக ஏதோ ஒரு கிராமத்துக்குப் போகிறானாம். அங்கே அவனால் இருக்க முடியுமா?" கொசுவையும் குளியலறையையும் குடிநீரையும் எண்ணி அவர்கள் அஞ்சுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் உடம்பு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். பழகாமல் அடம்பிடிப்பது மனந்தான்.

பொங்கோலில் வளரும் பிள்ளைக்குக் காத்திருத்தல் என்பது நிமிடக் கணக்கு. 2003இல் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதையில் ஏறினால், வண்டி மாறாமலே லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேக்காவுக்கு நடந்துவிடலாம். அடுத்த ரயில் எப்போது வரும் என்பதை நடைமேடைப் பலகையே சொல்லிவிடும். இப்படி வளர்ந்த பிள்ளை, தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று அறிவிக்கிறது. பதினொன்றாகியும் எவரும் வரவில்லை. "இவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறது. தொண்டு செய்யப் போனவர் செய்யும் முதற்பிழை இந்த முடிவே என்பது என் கருத்து.

காலையில் நாற்று நடவோ களையெடுக்கவோ சென்றவர், வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்திற்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். குறுகிய காலப் பயிரான குறுவை நெல்லுக்கே நூறு நாளுக்கு மேல் வேண்டும். ஏரி நிரம்புவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையைப் பொறுத்தது. கடனைத் தீர்ப்பதும் கல்யாணம் பேசுவதும் அறுவடை முடிந்த பிறகுதான். ஆக, அவ்வூரிலும் கால அட்டவணை உண்டு. அதை எழுதியவை மழையும் மண்ணும் கூலியும்.

அதற்காகக் கிராமத்தின் மெதுவை அழகென்று போற்றிப் பாட வேண்டியதில்லை. குடத்துடன் குழாயடியில் பெண்கள் காத்துக் கிடப்பதும், மருத்துவமனைக்குச் செல்லப் பேருந்தில்லாமல் நோயாளி தவிப்பதும் அமைதி அல்ல, இல்லாமை. எது வாழ்க்கையின் இயல்பான நடை, எது போக்கப்பட வேண்டிய குறை என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். அந்த அறிவு, அங்குள்ளோரிடம் உட்கார்ந்து பேசினால் மட்டுமே வரும்.

நம் பயணங்களில் அதற்கு இடமிருக்கிறதா? சிங்கப்பூர் அனைத்துலக அறக்கட்டளை 1991இல் தோன்றியது. இளையர்களை அயல்நாட்டுச் சமூகங்களுக்கு அனுப்பும் திட்டம் 2000இல் தொடங்கியது. நோக்கம் உயர்ந்தது; அதில் ஐயமில்லை. ஆனால் இரண்டு வாரப் பயணம் என்றால் காலையில் சுவருக்கு வண்ணம், பிற்பகல் ஆங்கில வகுப்பு, மாலையில் கலைநிகழ்ச்சி, இரவில் நிழற்படம் என்று நிரப்பிவிடுகிறோம். திண்ணையில் உட்கார ஒரு மணி நேரமும் மிஞ்சுவதில்லை. 1961இல் தொடங்கிய அமெரிக்க அமைதிப் படையினரின் வழக்கமான பணிக்காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் மொழியும் பழக்கவழக்கங்களும் கற்பதற்கே. 1925இல் மதுரைப் பகுதிக்கு வந்த அமெரிக்கர் ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தானை, விடுதலை இயக்கத்தை ஆதரித்தமைக்காக ஆங்கில அரசு இருமுறை வெளியேற்றியது. அவர் திரும்பி வந்து காந்திகிராம வட்டாரத்தில் பல்லாண்டு பணியாற்றினார். இரண்டு வாரத்தில் நாம் அவராகிவிட முடியாது. ஆனால் முதலில் கேட்பது, பிறகு செய்வது என்ற வரிசையையேனும் பின்பற்றலாம்.

இங்குதான் தமிழாசிரியருக்கும் பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. கம்போடியாவுக்கோ லாவோசுக்கோ செல்லும் மாணவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழகத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்லும் நம் மாணவனிடம் திறவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. அது துருப்பிடிக்கிறது என்பதே கவலை. வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. கட்டுரையில் மரபுத்தொடர் எழுதி மதிப்பெண் பெறும் மாணவன், ஒரு பாட்டியிடம் "இந்த வருசம் மழை எப்படிங்க?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கத் தெரியாமல் நிற்கிறான்.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். 1980கள் வரை பொங்கோலில் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் இருந்தன. அருகிலுள்ள லோரோங் புவாங்கோக்கில் இன்றும் ஒரு கம்பம் எஞ்சியிருக்கிறது. அந்த வாழ்க்கையை அறிந்த தாத்தா பாட்டியிடம், கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டு, பிள்ளை ஒரு மாலைப்பொழுது தமிழில் பேசட்டும். ஆசிரியர்கள் பயண நிரலில் ஒரு நாளையாவது வேலை எதுவும் குறிக்காமல் விட்டுவையுங்கள். பிள்ளை திரும்பி வந்ததும் "அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்கும் முன், "யாரோடு பேசினாய், அவர் என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். அதற்கு அவன் தமிழில் விரிவாக விடை சொன்னால், அந்தப் பயணம் வீணாகவில்லை என்று நம்பலாம்.