ஹார்ட் டிஸ்க்கும் ஓர் அமானிதமே



வெளிநாட்டில் தொழில் செய்யும் கணவர்மாரும் பிள்ளைகளும் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் சாமான்களில் ஒரு சிறு கறுப்புப் பெட்டியும் இப்போது சேர்ந்திருக்கிறது. 'நாஸ்' என்று அதற்குப் பெயர். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருக்கும். வீட்டிலுள்ளவர்களின் போன்களில் இருக்கும் படங்களும் வீடியோக்களும் தாமாகவே அதற்குள் போய்ச் சேரும். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டதால், மாதாமாதம் பணம் கட்ட விரும்பாதவர்கள் இந்தப் பெட்டியை நாடுகிறார்கள்.

பெட்டியைப் பூட்டித் தந்தவர் விமானம் ஏறிவிடுகிறார். நாலைந்து வருஷத்தில் அது நிறைந்து விடுகிறது, அல்லது சிவப்பு விளக்கு எரியத் தொடங்குகிறது. அப்போது அதன் முன்னால் நிற்பவர் வீட்டுப் பெண்தான். ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மகளின் கலியாணப் படம், மௌத்தாகிப் போன உம்மாவின் குரல், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், விவாகப் பதிவு, வீட்டு உறுதியின் படம். நமது கிழக்கு மாகாணத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடித்து வைப்பது வழக்கம். வீட்டு உறுதி பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காத்தான்குடியிலும் அலுமாரியோடு உறுதிகளும் போயின. உறுதியின் படம் மூல உறுதிக்கு ஈடாகாது. ஆனால் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் திகதியும் கையில் இருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி எடுப்பது எவ்வளவோ இலகு.

வெல்லாவெளிப் பக்கத்துப் பாறைகளில் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷமாக யாரும் கவனிக்காமலே அவை இருந்து வந்தன. கல் தானாகவே காக்கும். ஓலைச் சுவடிக்கு அந்தப் பலம் இல்லை. ஏடு செல்லரிக்கும் முன்னர் நம் முன்னோர் புதிய ஏட்டில் படியெடுத்தார்கள். அரபுத் தமிழ்க் கிதாபுகளும் அப்படிக் கையால் படியெடுக்கப்பட்டே தலைமுறை தாண்டின. ஹார்ட் டிஸ்க் ஓலையின் இனம், ஆயுளோ ஓலையைவிட மிகக் குறைவு. உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. எழுதும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. சுழல்கின்ற பொருள் தேயத்தான் செய்யும். அதனால்தான் கம்பனிகள் மூன்று முதல் ஐந்து வருஷ உத்தரவாதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நமது வாவிக் கரையின் ஈரக் காற்றும் அடிக்கடி போய்வரும் கறண்டும் அதற்கு இன்னும் கெடுதல்.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைப்பதன் நோக்கம் என்ன? அநேகமான வீடுகளில் ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும்படி வைத்திருப்பார்கள். இந்த முறைக்கு 'ரெய்ட்' என்று பெயர். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் 1988 இல் வெளியிட்ட கட்டுரையால் இந்தப் பெயர் பரவியது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது வேலை செய்யும். பெரிய டிஸ்க்குக்கு மாறுவதும் இந்த வசதியைக் கொண்டுதான்.

ஒழுங்கைக் கவனியுங்கள்.

முதலாவது: பெட்டியில் கை வைக்கும் முன்னர் எல்லாவற்றையும் வெளியே ஒரு தனி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிரதியில் பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

இரண்டாவது: பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இரு டிஸ்க்குகளின் ஆரோக்கியமும் காட்டப்படும். ஒன்று பழுதாகிக்கொண்டு வந்தால் அதையே முதலில் கழற்ற வேண்டும். நல்லதைக் கழற்றிவிட்டு நோயாளியை நம்பி வேலை தொடங்குவது ஆபத்து.

மூன்றாவது: புதிய டிஸ்க் இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும். உங்கள் பெட்டி எத்தனை டெராபைட் வரை ஏற்கும் என்பதை வாங்கும் முன் பாருங்கள். 'சி.எம்.ஆர்.' வகைதானா என்றும் கடையில் கேளுங்கள். 'எஸ்.எம்.ஆர்.' வகையில் தடங்கள் ஓட்டு வீட்டின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். அவ்வகை டிஸ்க்குகள் சில நாஸ் பெட்டிக்கென்றே விற்கப்பட்டது 2020 இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. ஒரு டிஸ்க்கை மாற்றி மறுபடி நிரப்பும்போது அவை மிகவும் தாமதிக்கும், சில வேளை பாதியில் நின்றும் விடும்.

நான்காவது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இயங்கும்போதே கழற்றக்கூடிய பெட்டி இல்லையென்றால் முறைப்படி நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். புதியதைப் போட்டபின் மீளமைக்கும்படி கட்டளை கொடுத்தால் பழைய டிஸ்க்கிலிருந்து அது நிரம்பத் தொடங்கும். செக்கனுக்கு 150 மெகாபைட் வேகம் என்று வைத்தாலும் 4 டெராபைட்டுக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். உண்மையில் இன்னும் கூடும். அவ்வளவு நேரமும் உங்கள் சொத்து முழுவதும் ஒரே ஒரு பழைய டிஸ்க்கில்தான் நிற்கிறது. யூ.பி.எஸ். இணைத்து, மின்வெட்டில்லாத நாளாகப் பார்த்து, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள்.

ஐந்தாவது: முடிந்தது என்று பெட்டி அறிவித்த பின்னரே இரண்டாவதை மாற்றுங்கள். இரண்டும் மாறிய பிறகுதான் இடம் கூடும். சில பெட்டிகளில் 'விரிவாக்கு' என்ற கட்டளையையும் நாமே கொடுக்க வேண்டும். இடம் கூடவில்லையே என்று பதற வேண்டாம்.

இத்தோடு அமானிதம் பாதுகாப்பாகிவிட்டதா? இல்லை. சின்னவன் ஒரு படத்தை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே கணத்தில் அழியும். திருடன் எடுத்தால் பெட்டியோடு எடுப்பான். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. ஒரே கூரையின் கீழ் எத்தனை பிரதி இருந்தாலும் தீக்கு அது ஒன்றுதான். உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில், ஹப்ஸா (ரழி) அவர்களிடம் பாதுகாப்பாக இருந்த பிரதியைப் பெற்றுப் படிகள் எழுதப்பட்டு, வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பி வைக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அந்த அமானிதத்தைத் தன் வீட்டில் காத்து வைத்திருந்தவர் ஒரு பெண்மணி என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நமக்கு அல்லாஹ் இரண்டு கரைகளைத் தந்திருக்கிறான். கடல் எழுவான்கரையை அடித்தது. 2011 ஜனவரி வெள்ளம் படுவான்கரை வயல்களை மூடியது. எழுவான்கரையில் வீடுள்ளவர் ஒரு பிரதியை வாவிக்கு அப்பால் நம்பிக்கையானவர் வீட்டில் வைக்கட்டும், இக்கரையில் உள்ளவர் அக்கரையில் வைக்கட்டும். 1978 நவம்பர் சூறாவளி போல இரு கரையையும் அடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே முக்கியமான பத்திரங்களின் பிரதியாவது வெளிநாட்டில் இருக்கும் கணவரிடமோ மகனிடமோ இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது? திகதி எழுதி ஒட்டி, புதியவை ஒரு மாதமாவது ஒழுங்காக ஓடும்வரை வைத்திருங்கள். அதன்பின் அப்படியே விற்கவோ கடைக்காரரிடம் கொடுக்கவோ வேண்டாம். அழித்த படம் உண்மையில் அழிவதில்லை. பெயர்ப் பட்டியலிலிருந்து மட்டுமே நீங்குகிறது. விரைவாக 'போர்மட்' செய்தாலும் இதே கதைதான். தெரிந்தவன் ஒருவன் ஒரு மென்பொருளைக் கொண்டு திரும்ப எடுத்துவிடுவான். வீட்டுக்குள் முந்தானை இல்லாமல் இருந்த நேரத்தில் பிள்ளைகள் எடுத்த படம், கலியாணப் பெண்ணோடு பெண்கள் மட்டும் இருந்த வீடியோ எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்நிய ஆணின் கைக்கு அவை போனால் மானத்தை எந்தக் கடையில் திருப்பி வாங்குவது? டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழிக்கும் மென்பொருளை ஒருமுறை ஓடவிடுங்கள். டிஸ்க் இயங்காவிட்டால் துளைபோடும் மெஷினால் தட்டை ஊடுருவத் துளைத்து விடுங்கள். திருத்தக் கொடுக்கும்போதும் பெட்டியை டிஸ்க்கோடு விட்டுவிட்டு வராமல், வீட்டு ஆண் ஒருவர் கூட இருக்கும்போதே வேலையை முடியுங்கள்.

இந்த வாரமே பெட்டியைத் திறந்து, டிஸ்க் வாங்கிய வருஷத்தை ஒரு கடுதாசியில் எழுதி மேலே ஒட்டி வையுங்கள். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் சிவப்பு விளக்குக்காகக் காத்திராமல் புதியதற்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.

வஸ்ஸலாம்.