ஒல்லிக் கத்தியெல்லாம் தேய்ந்த கத்தி அல்ல

பழைய சவரக்கத்திகளைச் சேர்ப்பவர்களிடையே ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அகன்ற அலகு உயர்ந்தது, ஒல்லியான அலகு தீட்டித் தீட்டி மிஞ்சிய துண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் நல்ல கத்திகள் பெட்டியின் அடியில் கிடக்கின்றன. மறுபுறம், உண்மையிலேயே தேய்ந்துபோன கத்திகள் ‘பிறவியிலேயே ஒல்லி’ என்று சொல்லி விற்கப்படுகின்றன. இரண்டையும் பிரித்தறிவது யாருக்கும் கைவரக்கூடியதே.

சவரக்கத்தியின் அகலத்தை முதுகிலிருந்து வாய் வரை, அங்குலத்தை எட்டாகப் பகுத்து அளப்பார்கள். 8/8 என்றால் முழு அங்குலம், 25.4 மி.மீ. 5/8 நடுத்தரம். 12.7 மி.மீ. அளவுள்ள 4/8, அதற்கும் குறைந்த 3/8 ஆகியவை ஒல்லி வகை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வேட் அண்டு புட்சர் போன்ற பட்டறைகள் அகன்ற, கனத்த கத்திகளுக்குப் பெயர்பெற்றன. அதே நூற்றாண்டில் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டூனாவில், தகடு போன்ற மெல்லிய அலகைத் தடித்த முதுகுச் சட்டத்தில் பொருத்திய கத்திகளும் உருவாயின. அங்கே ஒடுக்கம் தேய்மானத்தால் வந்ததல்ல, செய்தவரே தீர்மானித்தது.

வேறுபாட்டை முதுகு காட்டிக்கொடுக்கும். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிந்திருக்கும். ஆகவே வாயின் கோணத்தை நிர்ணயிப்பது கையல்ல, முதுகின் தடிமனுக்கும் அலகின் அகலத்துக்கும் உள்ள விகிதம். 12.7 மி.மீ. அகலமும் 3.5 மி.மீ. முதுகும் கொண்ட கத்திக்கு ஏறக்குறைய 16 பாகைக் கோணம் அமையும். சவரத்துக்கு அது நல்ல கோணம். 5.2 மி.மீ. முதுகு கொண்ட 6/8 கத்தியும் ஏறத்தாழ அதே கோணத்தில்தான் இருக்கும். ஆனால் அதன் வாயை மட்டும் சாணைச் சக்கரத்தில் கரைத்து 4/8 ஆக்கிவிட்டால் கோணம் 23 பாகைக்கு ஏறிவிடும். அப்படிப்பட்ட கத்தி எவ்வளவு தீட்டினாலும் தாடையை இழுக்கும்.

கல்லிலேயே பல்லாண்டு தீட்டப்பட்ட கத்தியில் முதுகும் சேர்ந்து தேயும். அங்கே பளபளப்பான தட்டைப் பட்டை அகலமாகத் தெரியும். நுனியிலும் அடியிலும் அகலம் வேறுபடும், வாய் உள்வளைந்திருக்கும். முதுகுப் பட்டை மெல்லிய கோடாகவும் வாய் சீராகவும் இருந்தால் அச்சமின்றி வாங்கலாம். துருப்புள்ளி முதுகில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். வாயருகே இருந்தால் விட்டுவிடுவதே நல்லது.

முத்திரைகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டத்தால், அடுத்த ஆண்டு முதல் அங்கே இறக்குமதியாகும் பொருள்களில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டியதாயிற்று. ‘ஜெர்மனி’ என்ற முத்திரை பெரும்பாலும் அதற்குப் பிந்தைய காலத்தைச் சுட்டும். முத்திரை இல்லாததாலேயே கத்தி அதற்கு முந்தையது என்று முடிவுகட்டக் கூடாது. வேறு நாட்டுச் சந்தைக்குப் போனதாக இருக்கலாம்.

‘சில்வர் ஸ்டீல்’ என்ற பொறிப்பும் அப்படித்தான். லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் உருக்கில் 500இல் ஒரு பங்கு வெள்ளி சேர்த்துச் சோதித்து, 1820களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் அந்தப் பெயர் ஷெஃபீல்டு கத்திகளில் விளம்பரச் சொல்லாகப் பரவியது. பெயர் இருப்பதாலேயே வெள்ளி இருப்பதாகக் கொள்ள முடியாது. அவர்களின் ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தவற்றுள் ஒன்று, சேலம் பகுதி உட்படத் தென்னிந்தியாவில் மூசையில் காய்ச்சிய ஊட்ஸ் உருக்கு என்பதை நாம் மறக்கலாகாது.

ஒல்லிக் கத்தியின் அருமை பயன்படுத்தும்போது தெரியும். மூக்கின் அடியிலும் உதட்டின் ஓரத்திலும் அது தடங்கலின்றி நுழையும். வாய் எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நுரையைத் தாங்க இடம் குறைவு என்பதால் அடிக்கடி துடைக்க வேண்டும். எடையும் குறைவு, அதற்காகக் கையால் அழுத்தினால் தோல் கிழியும். தோலை இழுத்துப் பிடித்து, ஏறக்குறைய 30 பாகை சாய்வில், முடி வளர்ந்த திசையிலேயே மெல்ல இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுக்க வேண்டும். வாய் முன்சென்றால் வாரும் கெடும், கூரும் கெடும். வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசுவது அவசியம். பழைய செல்லுலாய்டு பிடி சிதையும்போது வெளிவரும் ஆவி அலகைத் துருவாக்கும். அத்தகைய கத்தியை மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள்.

தீட்டுவதிலும் சிக்கனம் தேவை. ஒல்லி அலகில் தேய்வதற்கு உலோகம் கொஞ்சமே உண்டு. கூர் மழுங்கும்போது முதலில் தோல்வாரை நாடுங்கள், அதனால் ஆகாதபோது மென்மையான கல்லை. பிறவியில் ஒல்லியான கத்தியைத் தேய்ந்த கத்தியாக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பது, அதை இன்று வைத்திருப்பவரின் பொறுப்பு.