இடிக்க வேண்டாம், கூரையிலிருந்து தொடங்குங்கள்



பெருங்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கொல்லையில் மாமியார் காலத்துச் சமையல்கட்டு: சிமென்ட் ஷீட் கூரை, கடப்பா கல் மேடை, மூலையில் விறகடுப்பு. பொங்கலுக்கும் விசேஷங்களுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் அங்கேதான் சமையல். இப்போது கூரை ஒழுகுகிறது, மேடை ஆடுகிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறாராம் மகன். கையில் அவ்வளவு பணம் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

இடிக்க வேண்டாம் அம்மா. இருக்கும் பணத்தை முதலில் தண்ணீரைத் தடுக்கவும் அடுத்துப் புகையை வெளியேற்றவும் செலவிடுங்கள். டைல்ஸ், பெயின்ட் எல்லாம் மீதி இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் தண்ணீர்தான் முதல் கவலை. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயல் வெள்ளமும் எங்கே எவ்வளவு உயரம் நின்றன என்பது வீட்டுச் சுவரிலேயே தெரியும். போதாததற்கு, ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர, கொல்லை பள்ளமாகிக்கொண்டே போகிறது. அதனால் தரையைச் செங்கல் ஒரு வரி உயர்த்தி, வெளிப்பக்கம் வாட்டம் விட்டுப் பூசச் சொல்லுங்கள். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அது எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கொத்தனாருக்குக் கூலி கொடுங்கள்.

கூரை ஒழுகினால் ஷீட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றில்லை. பல வீடுகளில் போல்ட்டும் வாஷரும்தான் இற்றுப் போயிருக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய சிமென்ட் ஷீட்டில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசு நுரையீரலுக்குப் பெரும் கேடு. அறுக்கவோ, சுரண்டவோ, புதிதாகத் துளை போடவோ விடாதீர்கள். விரிசல் விட்டிருந்தால், நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றிவிட்டுக் கலர் ஷீட் போடுவதே நல்லது. கூரையைத் தாங்கும், கடற்காற்றில் துருவேறிய இரும்புக் குழாய்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கை பெயின்ட் கொடுத்தால் நன்றாக உழைக்கும்.

மேடைக் கல்லைத் தூக்கிப் போடாதீர்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் இனம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் வெளுப்பது அதனால்தான். ஆசிட் ஊற்றிக் கழுவினால் இன்னும் அரிக்கும். கீழே தாங்கும் செங்கல் கட்டை மட்டும் புதிதாகக் கட்டி, அதே கல்லை மேலே உட்கார வைத்து, பாலிஷ் போடுபவரைக் கூப்பிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கல் உடைந்திருந்தால், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் பழைய கல் கிடைக்கும். டேப் கொண்டுபோய் அளந்து பார்த்து வாங்குங்கள். விறகுத் தீக்கு நேர் பக்கத்தில் இந்தக் கல் வேண்டாம், சூட்டில் வெடிக்கும்.

அடுப்பைப் பற்றி மனம்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கொல்லைதானே, காற்றோட்டம் இருக்கிறதே என்போம். மூன்று பக்கம் சுவரும் தாழ்ந்த கூரையும் இருந்தால் அதுவும் உள்ளறைதான். ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி. ராஜு புகையில்லா மண் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். ஒரே தீயில் பல பாத்திரங்கள் வேகும், புகை குழாய் வழியே வெளியேறும். அதைப் பற்றிய அவருடைய நூல் 1953-ல் நம் சென்னையில்தான் அச்சானது. அத்தனை காலத்துக்குப் பிறகும் புகைபோக்கி இல்லாத அடுப்பின் முன்னால் நம் பெண்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தாங்கவில்லை. கூரையைத் தாண்டி உயரும் ஒரு புகைக்குழாய்க்கு ஆகும் செலவை எதற்காகவும் குறைக்காதீர்கள். அடுப்பை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டினால் முதுகும் பிழைக்கும். அடுப்புக்குச் சிமென்ட் பூச்சு வேண்டாம், சூட்டில் விரிசல் விடும். களிமண்ணோடு நறுக்கிய வைக்கோல் கலந்து பூசுவதே சரி.

கேஸும் வைப்பதாக இருந்தால், சிலிண்டரை விறகடுப்பிலிருந்து விலக்கி, வெயில் படாத சமதரையில் நிமிர்த்தி வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில்தான் தேங்கும்.

மண் அடுப்பு நிழலில் மெதுவாக உலர வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உலராது. ஆவணியிலேயே கொத்தனாரிடம் பேசிவிடுங்கள். கொல்லை அடுப்பைச் சீர்செய்த மற்ற வாசகர்களும், எந்த வேலைக்கு எவ்வளவு ஆயிற்று என்று கணக்கோடு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்