வெறுமையாகத் திரும்பும் லொறிகள்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற யாரைக் கேட்டாலும் மணலும் சல்லியும்தான் பெரிய தலையிடி என்பார்கள். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கருங்கல் சல்லி வன்னிப் பக்கமிருந்து லொறி ஏறித்தான் வரவேணும். மணலுக்காகக் கரையோர மணல்மேடுகள் தோண்டப்படுவதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே ஊரில்தான், பழைய வீட்டை இடித்த கல்லையும் கொங்கிறீற்றையும் குளக்கரையிலும் வெள்ளவாய்க்காலிலும் கொட்டிவிட்டுப் போகிறார்கள். பிறகு மாரியில் ஒழுங்கைக்குள்ள தண்ணி நிண்டால், பிரதேச சபையைத் திட்டுறது!

“எங்கட ஆக்கள் ஒண்டையும் வீணாக்கமாட்டினம்” என்று சொல்லலாம். கதவு, யன்னல், ஓடு, கம்பி எல்லாவற்றுக்கும் ஆள் வரும், உண்மைதான். விலைபோகாத மிச்சத்துக்குத்தான் வழியில்லை.

அந்த வழிக்குப் பெயர் ரிவர்ஸ் லொஜிஸ்ரிக்ஸ். பெரிய விசயமில்லை. கடைக்குச் சோடா கொண்டுவரும் லொறி வெறும் போத்தல்களை ஏற்றிக்கொண்டு திரும்புகிறதே, அதேதான். சல்லி இறக்கிய லொறி வெறுமையாகத் திரும்புவதற்குப் பதிலாக இடிபாடுகளை ஏற்றிப்போய், போகிற வழியிலுள்ள ஒரு நொறுக்கும் இடத்தில் இறக்கினால் என்ன? ஒரே எண்ணெய்ச் செலவில் இரண்டு வேலை. இலங்கைக்கு இது புதிதுமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காலியில் இடிபாடுகளை நொறுக்கி மீளப் பயன்படுத்தும் முயற்சி நடந்தது.

ஆனால், நொறுக்கிய எல்லாம் எல்லாவற்றுக்கும் உதவாது. பழைய கொங்கிறீற் சல்லியில் சீமெந்துக் கலவை ஒட்டியிருப்பதால் அது தண்ணீரைக் கூடுதலாக உறிஞ்சும். சோதிக்காமல் தூணுக்கும் பீமுக்கும் போடக்கூடாது. வீதிக்கு அடித்தளம் போட, பள்ளம் நிரப்ப, நடைபாதைக் கல் செய்யத் தாராளமாகப் போதும். அஸ்பெஸ்ரஸ் சீற்றை மட்டும் நொறுக்கவே கூடாது, அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. ஆகவே தரம்பிரிப்பது இடிக்கிற வளவிலேயே தொடங்கவேணும். கலந்தபிறகு பிரிக்கிறது வீண் மினக்கேடு.

உள்ளூராட்சி சபைகளிடம் நாங்கள் கேட்பது இரண்டே விசயம். ஒன்று, கட்டட அனுமதி கொடுக்கும்போதே “இடிபாடு எங்கே போகும்?” என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு, சபை போடும் வீதிகளின் அடித்தளத்துக்கு நொறுக்கிய கல்லில் ஒரு பங்கையாவது வாங்குங்கள். வாங்க ஆளில்லாவிட்டால் நொறுக்கும் இடமும் இன்னொரு குப்பைமேடாகிவிடும். வாங்க ஆளிருந்தால், குளத்தில் கொட்ட எவனுக்கும் மனம் வராது.