கடன் தலைவிதியா?

ஓசூரைச் சுற்றி ஆலைகள் பெருகியிருக்கின்றன. ஆனாலும் பக்கத்துக் கிராமத்துக் கூலிக்காரப் பெண்ணுக்கு ஓர் அவசரம் என்றால், இன்னமும் வட்டிக்காரர் வாசல்தான் கதியாயிருக்கின்றது. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டியில் 10,000 ரூபாய் வாங்கினால், ஒரு வருஷத்தில் 12,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். இதைத் தலைவிதி என்கிறார்கள். இது விதியா, வட்டிக் கணக்கா என்று நாம் கேட்கின்றோம்.

ஏழைகளுக்கு நாணயம் கிடையாது என்பதாகவும் சொல்லி வந்தார்கள். கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்திருந்த அன்றைய தர்மபுரி ஜில்லாவில்தான், 1989-ல் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் சர்க்கார் திட்டமாக ஆரம்பமாயின. எழுத்தறியாத பெண்கள்கூடக் காசு சேர்த்தார்கள், கடன் வாங்கினார்கள், திருப்பியும் கட்டினார்கள். 1992-ல் 500 குழுக்களைப் பாங்கிகளோடு இணைக்கும் காரியத்தை நபார்டு தொடங்கிற்று. விதி எங்கே போயிற்று?

ஆனால், கணக்கு பெண்டாட்டி பேரிலும், புத்தகமும் அட்டையும் புருஷன் கையிலும் இருந்தால் என்ன பிரயோஜனம்? குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லோருக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்று 2012-லேயே ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டிருக்கின்றது. ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண்கள் பேரில் அக்கணக்கைக் கூச்சமின்றிக் கேட்டுத் திறவுங்கள். புத்தகத்தை அவர்கள் கையிலேயே விட்டுவிடுங்கள்.