அம்மா அப்பாவுக்கு அவசர பட்டன்: அழுத்தினால் யார் எடுப்பார்கள்?

கழுத்தில் ஒரு சின்ன பட்டன், இல்லாட்டி கையில் ஒரு கடிகாரம். விழுந்துட்டா அழுத்தினா போதும், உதவி வந்துடும். இணையக் கடைகளில் இப்படிச் சொல்லி விற்கப்படும் அவசர அழைப்புக் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். அம்மா அப்பா குளுவாங்கிலோ பத்து பஹாட்டிலோ, பிள்ளைகள் வேலைக்குச் சிங்கப்பூரில். ஜொகூரில் இது ரொம்பச் சாதாரணமான குடும்ப நிலவரம். அதனால் இப்படி ஒரு கருவியை வாங்கிக் கொடுக்க நினைப்பதும் இயல்புதான்.

2030-க்குள் மலேசியர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணிக்கப்பட்டுள்ளது. தேவை கூடும், விற்பனையும் கூடும். ஆனால் பட்டனை அழுத்திய பிறகு என்ன நடக்கும் என்பதை விற்பவர் பெரும்பாலும் தெளிவாகச் சொல்வதில்லை. பயனீட்டாளருக்குச் சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

அழைப்பு எங்கே போகும்?

இந்தக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மாதக் கட்டணம் வாங்கும் சேவை. பட்டனை அழுத்தினால் 24 மணி நேரமும் ஆள் இருக்கும் கண்காணிப்பு மையத்துக்கு அழைப்பு போகும். இரண்டாவது, நீங்கள் பதிந்து வைத்த சில கைப்பேசி எண்களுக்கு மட்டும் அழைக்கும் கருவி. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. விளம்பரத்தில் இரண்டுமே ‘எஸ்ஓஎஸ்’ என்றுதான் இருக்கும்.

இரண்டாவது வகையில் போனை எடுக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். வேலை நேரத்தில் போன் லாக்கரில் இருந்தால்? எடுத்துவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. சிங்கப்பூரில் இருந்துகொண்டு 999-ஐ அழைத்தால் சிங்கப்பூர் போலீஸ்தான் பேசும். அங்கே ஆம்புலன்ஸ் எண் 995. இரண்டுமே ஜொகூரில் இருக்கும் வீட்டுக்கு வண்டி அனுப்பாது.

அதனால் கருவியில் முதல் எண்ணாக உங்கள் எண்ணைப் போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர், அதே தாமானில் இருக்கும் உறவினர் என ஐந்து நிமிடத்தில் வந்து கதவைத் தட்டக்கூடிய ஒருவரின் எண்ணைப் போடுங்கள். அவரிடம் வீட்டுச் சாவியும் ஒன்று இருக்கட்டும். அருகிலுள்ள மருத்துவமனையின் நேரடி எண்ணை +60 சேர்த்து உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் மாறினால்?

ஜெண்டேலா திட்டத்தின் கீழ் 2021 இறுதியில் மலேசியாவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. 3ஜியை மட்டுமே நம்பிய கருவி அதன் பிறகு வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். விளக்கு எரியும், சார்ஜ் ஏறும், ஆனால் அழைப்பு போகாது. பழைய சரக்கையோ வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்ததையோ இணையத்தில் வாங்கும்போது இந்த ஆபத்து இன்னும் இருக்கிறது. 4ஜி என்று பெட்டியில் போட்டிருந்தாலும், நம் நாட்டு நெட்வொர்க்கில் அது குரல் அழைப்பு செய்யுமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பிரிட்டனின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். அங்கே சுமார் 18 லட்சம் பேர் இத்தகைய கருவிகளை நம்பியிருக்கிறார்கள். செப்புக் கம்பித் தொலைபேசியை டிஜிட்டலுக்கு மாற்றியபோது சில வீடுகளில் கருவி வேலை செய்யாமல் போனது. கடுமையான சம்பவங்கள் வெளிவந்த பிறகு, 2023 டிசம்பரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தன. 2025 என்றிருந்த கெடுவும் 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

வைஃபையையோ ஃபைபர் தொலைபேசியையோ நம்பும் கருவி என்றால், மின்சாரம் போனால் மோடமும் போய்விடும். 2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூரில் 40,000-க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அந்த மாதிரி நாளில்தான் பட்டன் அதிகம் தேவைப்படும். அன்றைக்கு அதன் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்?

கடிகாரம் எல்லா விழுகையையும் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. வேகமாக விழுந்து அடிபடுவதைத்தான் உணரி எளிதில் பிடிக்கும். நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டால் அது தவறவிடலாம். ஆப்பிள் நிறுவனமே தன் கடிகாரம் எல்லா விழுகையையும் கண்டுபிடிக்காது என்று சொல்கிறது. ஜிபிஎஸ் மட்டும் உள்ள மாடலாக இருந்தால் போனும் பக்கத்தில் இருக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டால் எந்தக் கருவியாலும் பயனில்லை.

‘இலவசம்’ என்று போன் வந்தால்?

அமெரிக்காவில் முதியவர்களுக்குப் பதிவு செய்யப்பட்ட குரலில் அழைப்புகள் வந்தன: உங்களுக்காக ஒரு நண்பரோ உறவினரோ மருத்துவ அவசரக் கருவி ஒன்றை ஏற்கெனவே வாங்கிவிட்டார், உங்களுக்குச் செலவில்லை என்று. அப்படி யாரும் வாங்கவில்லை. கடன் அட்டை எண்ணைக் கொடுத்தவர்களிடம் மாதம் 34.95 டாலர் வசூலிக்கப்பட்டது. 2014-ல் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் புளோரிடா மாநிலத்துடன் சேர்ந்து அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. இந்த உத்திக்கு நாடு, மொழி எதுவும் தடையில்லை. வீட்டில் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன வழி?

• விற்பனையாளர் வீட்டுக்கே வந்து விற்றாரா? 1993 நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாள்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

• மாதக் கட்டணச் சேவையை இடையில் நிறுத்த விடவில்லையா? எதிர்காலச் சேவை ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. மீதி மாதங்கள் எல்லாவற்றுக்கும் பணம் கட்டு என்று வற்புறுத்த முடியாது.

• கருவி சொன்ன வேலையைச் செய்யவில்லையா? பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும்.

• சிங்கப்பூரில் வாங்கினீர்களா? அங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும். கெடு இரண்டு ஆண்டு. வெளிநாட்டு இணைய விற்பனையாளரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் ரொம்பக் கஷ்டம்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது

கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். “ஜொகூரில் 4ஜியில் பேசுமா? அழைப்பை யார் எடுப்பார்கள்? மின்சாரம் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? எப்போது வேண்டுமானாலும் சேவையை நிறுத்தலாமா?” பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் தேவை என்னவென்று விற்பவரிடம் சொல்லியிருந்தால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்பது சட்டம். நடுவர் மன்றத்தில் அந்த ஸ்கிரீன்ஷாட் உங்களுக்குச் சாட்சி. கருவியில் சிரிம் சான்று பெற்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவே அழுத்த வேண்டும், குளியலறையில் நின்று, நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில். யார் எடுத்தார்கள், எத்தனை நிமிடத்தில் எடுத்தார்கள் என்று குறித்து வையுங்கள். யாருமே எடுக்கவில்லை என்றால், கருவியையோ அதில் உள்ள எண்களையோ உடனே மாற்றுங்கள்.